அழுத கண்ணீர் மாவில் விழுந்தால்: சமையலறை வழியாக மாய யதார்த்தம்

கல்யாண வீட்டுக்குக் கேக் அடிக்கிறாள் ஒருத்தி. மணமகள் அவளுடைய அக்கா. மாப்பிள்ளை, அவளே விரும்பியவன். கடைசிப் பெண் கல்யாணம் கட்டாமல் தாயைச் சாகும்வரை பார்க்கவேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதனால் அவளைத் தரமாட்டேன், வேண்டுமென்றால் அக்காவைக் கட்டிக்கொள் என்கிறாள் தாய். காதலித்தவளுக்குப் பக்கத்திலாவது இருக்கலாமே என்று அவனும் தலையாட்டிவிடுகிறான். 170 முட்டை உடைத்து ஊற்றவேண்டிய பெரிய கேக். அடித்துக்கொண்டே அழுகிறாள். கண்ணீர் விழுந்து விழுந்து கலவை இறுக மறுக்கிறது, வேலை இழுபடுகிறது. அடுத்த நாள் அந்தக் கேக்கைச் சாப்பிட்ட விருந்தாளிகள் எல்லாருக்கும் அழுகை பொங்கி வருகிறது. ஆளாளுக்குத் தாங்கள் பறிகொடுத்த காதலை நினைத்து ஏங்கி, விக்கி, கடைசியில் கூட்டமாக வாந்தி எடுக்கிறார்கள். கேக் செய்தவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மெக்சிக்கோ எழுத்தாளர் லோரா எஸ்கிவெல் 1989இல் வெளியிட்ட 'கோமோ அகுவா பாரா சோகோலாத்தே' ('சொக்கலேட்டுக்கான தண்ணீர் போல') என்ற நாவலில் வரும் இடம் இது. இந்த மாதிரி எழுத்தைத்தான் மாய யதார்த்தம் என்கிறோம். மாந்திரீக யதார்த்தம் என்று எழுதுவோரும் உண்டு. நம்முடையதைப் போன்ற உலகம், நம்மைப் போன்ற ஆட்கள். அதற்குள் நடக்கவே முடியாத ஒன்று நடக்கிறது. கதையில் இருப்பவர்கள் அதைக் கண்டு வாய்பிளப்பதில்லை. அழுவார்கள், திட்டுவார்கள், சந்தேகப்படுவார்கள், பிறகு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஆசிரியரும் ஏன், எப்படி என்று விளக்கம் சொல்லமாட்டார்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களின் கண் நேரே 'மாயம்' என்ற பாதிக்குத்தான் போகிறது. பறப்பவர்கள், ஆவிகள், பூமழை என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மற்றப் பாதியைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அந்தக் கேக் காட்சியை நம்பவைப்பது எது? முட்டையின் கணக்கு. கலவை இறுகாமல் நேரமானது. சமையல்காரக் கிழவி நாச்சா, கண்ணீர் விழுந்ததால் ருசி மாறிவிட்டதோ என்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்தது. மகள் வேண்டுமென்றே வாந்தி மருந்து கலந்துவிட்டாள் என்று தாய் முடிவுகட்டி அவளை அடித்துப்போட்டது. அந்தத் தாயின் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்று யோசித்துப் பாருங்கள்! உங்கள் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்ட எல்லாரும் வாந்தி எடுத்தால் நீங்களும் சமைத்தவரைத்தானே பிடிப்பீர்கள்? நடக்கமுடியாத ஒரு விடயத்தைச் சுற்றி, நடக்கக்கூடிய பத்து விடயங்களை இறுக்கி அடுக்கியிருக்கிறார் எஸ்கிவெல். மாயம் நிற்பது அந்த அடுக்கின்மேல்.

அதே நாவலின் தொடக்கத்தில் இன்னொன்று வருகிறது. நாயகி தீத்தா சமையலறை மேசையில் பிறக்கிறாள், தாய் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில். பிள்ளையோடு சேர்ந்து வீட்டுக்குள் கண்ணீர் வெள்ளமும் வருகிறது. வெயிலில் தண்ணீர் காய்ந்தபின் தரையில் மிஞ்சிய உப்பை நாச்சா கூட்டி அள்ளுகிறாள். ஐந்து கிலோச் சாக்கு ஒன்று நிறைகிறது. அந்த உப்பை வைத்துக் கனகாலம் சமைக்கிறார்கள். கவிதை எழுதத் தெரிந்த யாரும் கண்ணீர் வெள்ளம்வரை போய்விடலாம். அது காய்ந்த பிறகு விளக்குமாற்றை எடுத்து, உப்பைக் கூட்டி, சாக்கில் கட்டி, குசினிக்குக் கொண்டுபோகிற இடம்தான் இந்த எழுத்து. வீணாக்கக்கூடாது என்கிற ஒரு சமையல்காரியின் புத்தி அதில் இருக்கிறது.

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியல் கார்சியா மார்க்கேஸ் இந்த நுட்பத்தை ஒரு நேர்காணலில் அழகாகச் சொல்லியிருக்கிறார். வானத்தில் யானைகள் பறக்கின்றன என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். 425 யானைகள் பறக்கின்றன என்றால் நம்புவார்கள் என்றார். எப்படிப்பட்ட கதையையும் முகம் மாறாமல் சொல்லுகிற பழக்கத்தைத் தன் அம்மம்மாவிடம் எடுத்ததாகவும் சொன்னார். அவருடைய 1967ஆம் ஆண்டு நாவல் தமிழில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் ஒரு பாதிரியார், கோயில் கட்டக் காசு சேர்ப்பதற்காக, ஒரு கோப்பை சூடான சொக்கலேட் குடித்துவிட்டு நிலத்திலிருந்து 12 சென்ரிமீற்றர் மேலே எழும்பிக் காட்டுவார். வானளாவ அல்ல, 12 சென்ரிமீற்றர்! சனம் பார்த்துப் பரவசப்பட்டுக் காசு போடுகிறது. முற்றத்து மரத்தடியில் கட்டிவைக்கப்பட்டிருக்கும் கிழவர் மட்டும், இதில் பெரிதாக ஒன்றுமில்லை, பொருளின் நான்காவது நிலையை இவர் கண்டுபிடித்துவிட்டார் என்று லத்தீனில் சொல்லிவிட்டுத் தன்பாட்டில் இருப்பார். இதே நாவலில் ஊர் முழுவதையும் நித்திரையில்லா நோய் பிடிக்கிறது. அது பரவுவது இனிப்புப் பண்டம் வழியாக. ஒரு வீட்டில் செய்து விற்ற சீனி மிருகப் பொம்மைகளைச் சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் தொற்றிவிடுகிறது.

கவனித்தீர்களா, திரும்பத் திரும்பச் சாப்பாடுதான். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சாப்பாட்டு விடயத்தில் நாம் எல்லாரும் ஏற்கெனவே பாதி மாயத்தை நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மாவின் அளவையே போட்டு, அம்மாவின் சட்டியிலேயே வைத்தாலும் குழம்பு அம்மாவின் குழம்பாக வராது. கைப்பக்குவம் என்று சொல்லி அதைக் கடந்துபோகிறோம். யாரும் நிரூபிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. கோபத்தோடு சமைத்தால் சாப்பாடு செமிக்காது என்கிறோம். பசியோடு ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நாம் சாப்பிட்டால் வயிற்றைப் பிடிக்கும் என்கிறோம். சமைத்தவரின் மனம் சாப்பிட்டவரின் உடம்புக்குள் போகும் என்பதை எஸ்கிவெல் நமக்குப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

கண்ணூறு கழிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடி. பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. அம்மம்மா மூன்று செத்தல் மிளகாயும் ஒரு பிடி கல்லுப்பும் எடுத்து, பிள்ளையை நடுவில் இருத்தி, தலையைச் சுற்றி மூன்று தரம் எடுக்கிறா. ஊரில் என்றால் அடுப்புத் தணலில் போடலாம். இங்கே காஸ் அடுப்பு. ஆகையால் பல்கனியில் ஒரு சிரட்டைக்குள் கற்பூரம் வைத்துக் கொளுத்தி அதற்குள் போடுகிறா. மிளகாய் எரிந்தால் நெடி வந்து எல்லாரும் இருமவேண்டும். நெடி வந்தால் கண்ணூறு இல்லை. நெடி வராவிட்டால் இருந்தது, எடுபட்டுவிட்டது. "பாத்தியே, ஒரு கமறலும் இல்லை" என்கிறா அம்மம்மா. பிள்ளையின் அப்பா பொறியியலாளர். அவரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு "ஓம், இல்லைத்தான்" என்கிறார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மடிகணினிக்குத் திரும்பிவிடுகிறார்.

இந்தக் காட்சியில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் படிக்காதவர்களும் இல்லை. இரண்டு விதமான காரணகாரியங்கள் ஒரே பல்கனியில் சண்டையில்லாமல் நிற்கின்றன. மாய யதார்த்த நாவல் எழுதப்படும் குரல் அந்தப் பொறியியலாளரின் "ஓம், இல்லைத்தான்" என்ற குரல்தான்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியக் கலை விமர்சகர் பிரான்ஸ் ரோ 1925இல் ஒருவகை ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அது பிறகு லத்தீன் அமெரிக்க இலக்கியத்துக்கு இடம்பெயர்ந்தது. கியூபா எழுத்தாளர் அலெகோ கார்பெந்தியர் 1943இல் ஹெயிட்டிக்குப் போய்வந்து, 1949இல் வெளியான தன் நாவலின் முன்னுரையில் ஒரு வாதத்தை வைத்தார்: ஐரோப்பியர் அதிசயத்தைச் செயற்கையாகச் செய்கிறார்கள், எங்கள் மண்ணில் அதிசயம் நிஜத்துக்குள்ளேயே கிடக்கிறது. 1982இல் மார்க்கேஸுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்தப் பெயர் உலகம் முழுவதும் பரவிவிட்டிருந்தது.

இனி, பலரும் கேட்கும் கேள்வி. நமது புராணங்களிலும் காப்பியங்களிலும் இல்லாத மாயமா? அவை மாய யதார்த்தம் இல்லையா?

சாப்பாட்டிலிருந்தே பதில் சொல்லலாம், ஏனென்றால் நம்மிடம் மணிமேகலையின் அமுதசுரபி இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். மதுரையில், பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தவித்த ஆபுத்திரனிடம் சிந்தாதேவி அதைக் கொடுக்கிறாள். பிறகு மழை பெய்து ஊர் செழித்து, சாப்பாடு கேட்டு வர ஆளில்லாமற்போகிறது. ஆபுத்திரன் கப்பலேறுகிறான், மணிபல்லவத் தீவில் தனியே விடப்படுகிறான், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உயிரை விடுகிறான். அதே பொய்கையிலிருந்து அது மணிமேகலையின் கைக்கு வருகிறது. அந்த மணிபல்லவம் நமது நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ நோயோடு அலைந்த காயசண்டிகையின் பசியை மணிமேகலை அந்தப் பாத்திரத்துச் சோற்றால் தீர்க்கிறாள். உணவைப் பற்றி இதைவிட மேலான கற்பனை எந்த மொழியிலும் எனக்குத் தெரியாது.

ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. பாத்திரம் தெய்வம் தந்தது. யானைத்தீ ஒரு முனிவரின் சாபம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர் உண்ணும் நாவற்கனியைக் காயசண்டிகை மிதித்துவிட்டாள். பாத்திரம் கிடைத்ததற்கு முற்பிறப்புக் கணக்கும் உண்டு. அந்த உலகத்தில் தெய்வமும் வினையும் சட்டம், அந்தச் சட்டப்படியே அதிசயம் நடக்கிறது. மாய யதார்த்தத்தில் அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. தீத்தாவின் கேக்குக்குப் பின்னால் சாபமோ வரமோ இல்லை. இராட்சதர்களும் மந்திரக்கோலும் வரும் கற்பனைக் கதைகளோடு உள்ள வித்தியாசமும் இதுவே. அங்கே உலகமே வேறு, இங்கே உலகம் நம்முடையது. கனவுக் கதையும் இது அல்ல. கனவில் எல்லாமே வழுக்கும், இங்கே ஒன்று மட்டும்தான் வழுக்குகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்வதால் மணிமேகலை ஒரு படி கீழே இறங்கிவிடாது. வகை வேறு, அவ்வளவுதான்.

விளங்குவதற்கு ஒரு கதையை நாமே கட்டிப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு பெரியம்மா ஒடியற்கூழ் காய்ச்சுகிறா.

முதலில் கூழ் சரியாக இருக்கவேண்டும். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, காறல் போக மேல்தண்ணீரை வடிக்கவேண்டும். பெரிய பானையில் மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயிற்றங்காய், கொஞ்சம் அரிசி. அவை அவிந்து வரும்போது மீன், நண்டு, இறால். அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. மாக்கரைசலைக் கடைசியில் விட்டுக் கட்டிபடாமல் துழாவவேண்டும், இறக்கும்போது முருங்கையிலை. பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றி, சுடச்சுட, சுற்றியிருந்து குடிப்பது. நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சும் சத்தம் இருக்கவேண்டும். இதில் ஒரு சாமான் பிழைத்தாலும் ஊர் தெரிந்த வாசகர் கதையை மூடிவைத்துவிடுவார், பிறகு மாயத்தை யாருக்குச் சொல்வது?

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுவோம். பெரியம்மா ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் பிளா மடித்து ஊற்றி வைக்கிறா. ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிளாக்களும் காலி, பக்கத்தில் நண்டுக் கோது. அதே நேரம் கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்காளர் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கை கழுவுகிறார். சாப்பிட்டது பருப்பும் கத்தரிக்காயும் வைத்த சோற்றுப் பார்சல். விரலில் நண்டு மணக்கிறது. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் போகவில்லை.

இதைப் பெரியம்மாவுக்கு அம்மன் தந்த பானை என்று சொன்னால் தலபுராணம். கணக்காளருக்கு ஊர் நினைவு வந்து மணத்ததுபோல் தோன்றியது என்றால் வழமையான யதார்த்தக் கதை. இரண்டும் இல்லாமல், அடுத்த நாள் விதானையார் பதிவுப் புத்தகத்தோடு வருகிறார் என்று எழுதினால்?

"பெரியம்மா, பதிவில 41 பேர்தான். நேற்று 63 பிளா ஊத்தினனீங்களாம். மிச்சம் 22 பேரும் ஆர்?"

"போன ஆக்கள்தான் தம்பி."

"அவைக்கும் நிவாரணம் எழுதவேணுமோ?"

"எழுது. குடிச்சவை தானே."

விதானையார் குனிந்து எழுதுகிறார். நிவாரணப் படிவத்தில் முகவரி என்ற கட்டத்தில்தான் அவருக்குப் பேனை நிற்கிறது. மாயம் அலுவலகத்துக்குள் நுழைந்து ஒரு படிவப் பிரச்சினையாகிவிட்டது. கதை அந்தக் கட்டத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

ஏன் இப்படிப்பட்ட நாவல்கள் சின்ன ஊர்களிலேயே அதிகம் நடக்கின்றன என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஒரு பானையைச் சுற்றி ஊரே உட்காரவேண்டும். யார் வீட்டில் எத்தனை பிளா என்பது விதானையார் காதுக்கு அடுத்த நாளே போகவேண்டும். மாயத்துக்குச் சாட்சி தேவை, சின்ன ஊரில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சாட்சி. நகரத்திலும் முடியும், ஆனால் ஊரைப் போல நெருக்கிவைக்கும் ஒன்று வேண்டும். 2022இல் கொழும்பில் அது இருந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள். காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து வரிசையில் விட்டுவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே ஆட்கள் படுத்தார்கள். தொடர்மாடிப் படிக்கட்டடியில் விறகு அடுப்பு மூட்டி, அதுவரை முகம் பார்த்துப் பேசாத அயலவர்கள் முறைவைத்துச் சமைத்தார்கள். அந்த வரிசையிலிருந்து ஒரு நாவல் வரவேண்டும் என்பது என் ஆசை.

இதிலிருந்து அடுத்த விடயத்துக்கு வருகிறேன். இந்த எழுத்துமுறையின் கனமான பகுதி இதுதான். மார்க்கேஸின் நாவலில் வாழைத்தோட்டத் தொழிலாளர்களை இராணுவம் சுடுகிறது. பிணங்களை ரயிலில் ஏற்றிக் கடலில் கொட்டக் கொண்டுபோகிறார்கள். உயிர்தப்பிய ஒருவன் ஊருக்குத் திரும்பி, 3000 பேர் செத்தார்கள் என்கிறான். இங்கே ஒருவரும் சாகவில்லையே என்று ஊர் பதில் சொல்கிறது. பிறகு 4 வருடம், 11 மாதம், 2 நாள் மழை பெய்கிறது. அந்தச் சூடு கற்பனை அல்ல. கொலம்பியாவின் சியேனகா நகரில், 1928 டிசம்பரில், வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை இராணுவம் சுட்டது. எத்தனை பேர் என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. நாவலில் நம்பமுடியாதது மழையா, "ஒருவரும் சாகவில்லை" என்ற பேச்சா? நடந்ததை நடக்கவில்லை என்று சாதிக்கும் இடங்களில் இந்த எழுத்து வேர்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நிஜத்தைச் சொன்னவன் பொய்யனாகும்போது, நிஜத்தைக் காப்பாற்றிவைக்கக் கதைக்கு வேறு பாத்திரம் தேவைப்படுகிறது.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்கவேண்டியதில்லை. 1990களில் தடைகளுக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெயில் எரித்த விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். இன்று கொழும்பில் வளரும் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால், பாதிரியார் 12 சென்ரிமீற்றர் எழும்பியதைவிட நம்பமுடியாமல் கேட்கும்.

அதனாலேயே ஒரு கவலையும் எனக்கு உண்டு. இந்த முறை மிகச் சுலபமாக அலங்காரமாகிவிடும். செத்தவரை வண்ணத்துப்பூச்சியாக்கி, பட்டினியை வாசனையாக்கி, வாசகரை இதமாக அழவைத்து அனுப்பிவிடலாம். காணாமற்போனவருக்கு ஊற்றிய கூழ் மறைகிறது என்று எழுதுபவர், அவர் ஏன் காணாமற்போனார் என்ற கேள்வியையும் சேர்த்து மறைத்துவிடக்கூடாது. லத்தீன் அமெரிக்காவிலேயே அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் சிலர், எங்களிடம் எல்லாரும் பறக்கும் பாட்டிகளையே எதிர்பார்க்கிறார்கள் என்று சலித்துப்போய், 1996இல் 'மெக்கொண்டோ' என்ற பெயரில் நகரத்துக் கதைகளின் தொகுப்பை வெளியிட்டார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஐந்து கிலோ உப்பு அலங்காரமாகாமல் நிற்பதற்குக் காரணம், அந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு நடக்கும் அநியாயத்தை எஸ்கிவெல் ஒரு பக்கத்திலும் மறக்கவிடாததுதான்.

வாசிக்கத் தொடங்குபவர்கள் "இது கனவா, குறியீடா" என்ற கேள்வியை முதல் ஐம்பது பக்கத்துக்கு ஒதுக்கிவையுங்கள். கண்ணீர் என்றால் கண்ணீர், உப்பு என்றால் உப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதிசயம் நடக்கும்போது யார் ஆச்சரியப்படுகிறார், யார் படவில்லை, யாருக்கு அதனால் வேலை கூடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சமையலறையில் நிற்பவருக்குத்தான் கூடும். எஸ்கிவெலின் நாவல் பன்னிரண்டு அத்தியாயம், மாதத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு சமையற்குறிப்போடு தொடங்கும். முதல்முறை வாசிப்பவருக்கு அதுவே நல்ல வாசல். மார்க்கேஸைப் பிறகு எடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பைத் தேடுவோர் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அந்த நாவலில் தாத்தாவின் பெயரே மகனுக்கும் பேரனுக்கும் திரும்பத் திரும்ப வரும். ஒரு தாளில் வம்சமரத்தைக் கீறிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதியில் விடமாட்டீர்கள்.